வீக்கமும் கங்கோங் கீரையும்

அன்று அந்தச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: நான். என் மனைவி செல்வி. அழைப்பு எதுவும் இல்லாமல், சாம்பார் வாசனையைப் பிடித்துக்கொண்டே புக்கிட் பாத்தோக்கிலிருந்து வந்து சேர்ந்திருந்த என் மச்சான் குணா. எங்கள் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மீதி வீட்டை வாயால் பிடித்துவைத்திருந்த, நாங்கள் வீக்கம் என்று சொல்லும் தம்பி. அவ்வளவுதான். சமையலறையில் ஒரு பப்பாளியும் இருந்தது. அதைக் காரணத்தோடுதான் சேர்த்துச் சொல்கிறேன். அங்கே இருந்தவற்றில், பின்னால் வரப்போகும் ஊசியைக் குத்திக்கொண்ட அனுபவம் அதற்கு மட்டும்தான் இருந்தது.

பிறந்ததிலிருந்து இந்தத் தீவில்தான் இருக்கிறேன். சமூக மன்றத்திலும் கோயில் விழாவிலும் எத்தனையோ பேச்சாளர்களைப் பார்த்தாயிற்று. மைக்கைப் பிடுங்கினால்தான் நிறுத்துவார்கள். மூச்சைப் பிடுங்கினாலும் நிறுத்தாத ஒரே பேச்சாளர் எங்கள் வீக்கம்தான்.

பாஸ்போர்ட்டில் அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் எடுத்துப் பயன்படுத்தாததால் அது இன்னும் புத்தம் புதிதாகவே இருக்கும். சொந்த ஊர் திருச்சிப் பக்கம். பெரிய படிப்பு. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம். ஆனால் இருமலுக்குக்கூட மாத்திரை எழுதித் தர முடியாது. அப்படி ஒரு டாக்டரால் யாருக்கு என்ன பயன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. புவன விஸ்தா பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. என்ன வேலை தம்பி என்று தெரியாமல் ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"உடம்பு வீங்குது இல்லண்ணே, அது ஏன் வீங்குதுன்னு பார்க்கறேன்."

வீங்குவதை உட்கார்ந்து பார்ப்பதற்கு ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் நாடு செழிப்பாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உயர்நிலை இரண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு வேன் ஓட்டுகிறேன். இரண்டாவது வேலை, கவலைப்படுவது. அதற்குச் சம்பளமும் கிடையாது, விடுப்பும் கிடையாது. எங்கள் வீட்டில் ஒரு பெரிய பிஸ்கட் டின் இருக்கிறது. அதில் பிஸ்கட் இருந்ததே இல்லை. எனக்கு வந்த நோய், வரப்போகும் நோய், அடுத்த வீட்டுக்காரருக்கு வந்து எனக்கும் வரலாம் என்று நான் சந்தேகப்படும் நோய், எல்லாவற்றுக்கும் அதில் மாத்திரை உண்டு. இப்படிப்பட்டவன் வீட்டுக்கு அப்படிப்பட்டவர் குடிவந்ததை என்னவென்று சொல்வது. எரிகிற அடுப்புக்கு விசிறியே வாடகை கொடுத்துக்கொண்டு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேரர் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு அறை பார்க்க வருகிறவர்கள் வாடகை எவ்வளவு, சமைக்கலாமா, துவைக்கும் இயந்திரத்தைத் தொடலாமா என்று கேட்பார்கள். இவர் நேரே அறைக்குள் போய் மண்டியிட்டு மெத்தையைத் தூக்கி மோந்து பார்த்தார்.

"தூசிப்பூச்சி இருக்குமா அக்கா?"

"இருந்தா இருக்கும். அதுங்க வாடகை குடுக்கறதில்ல" என்றாள் செல்வி.

மண்டியிட்டிருந்தவரின் கண் என் கணுக்காலில் விழுந்தது. முதல் நாள் சரக்கு இறக்கும்போது சிவப்பு எறும்பு கடித்து, கால் பலகாரம் மாதிரி உப்பியிருந்தது. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அண்ணே, அசையாதீங்க."

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இதோ முடிந்தது, காலை எடுக்கச் சொல்லப் போகிறார் என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அருமையான வீக்கம்" என்றார்.

"எறும்பு கடிச்சிருச்சு தம்பி. விஷம் ஏறியிருக்குமோ?"

"எறும்பு சும்மா தொடங்கி வச்சதோட சரிண்ணே. வீங்க வச்சது நீங்கதான். உங்க தோலுக்குக் கீழ மாஸ்ட் செல்லுன்னு ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள மூட்டை மூட்டையா ஹிஸ்டமின் கட்டி வச்சிருக்கு. கடிச்சதும் மூட்டை அவிழுது. ரத்தக்குழாய்ச் சுவர்ல ஹிஸ்டமினுக்குன்னே ரிசெப்டர் இருக்கு. அதுல போய் உட்காருது. உட்கார்ந்ததும் குழாய் விரியுது, கசியுது. அதான் சிவப்பு. அதான் அரிப்பு. அதான் இந்த வீக்கம்."

செல்வி கதவில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எத்தனை மாசம் தங்கறதா உத்தேசம்?"

கடிபட்டது என் கால். பாராட்டு வாங்கியதும் என் கால். பெயர் மட்டும் அவருக்குப் போய்விட்டது.

அவர் வந்த பிறகு என் கவலைகளுக்கெல்லாம் பெயர் கிடைத்தது. பெயர் இல்லாத கவலையோடு ஒரு மனிதன் எப்படியாவது குடும்பம் நடத்திவிடலாம். பெயர் வந்துவிட்டால் அது வீட்டில் ஓர் ஆளாகிவிடுகிறது. ஒருநாள் முழங்கால் வலித்தது.

"ஒண்ணும் இல்லண்ணே. புரோஸ்டாகிளாண்டின்."

"அது எங்க இருக்கு? அறுத்து எடுக்கணுமா?"

"எடுக்கறதா? உடம்பு பூரா இருக்கு."

உடம்பு பூரா இருக்கிறது என்று ஒரு மனிதனிடம் சொல்லும் முறை இதுவல்ல. நான் அன்று இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. எல்லோருக்கும் இருப்பதுதான், அடிபட்ட இடத்தில் அதிகமாகச் சுரந்து வலியையும் காய்ச்சலையும் கூட்டும், வலிமாத்திரை அதைச் சுரக்கவிடாமல் செய்கிறது என்பதையெல்லாம் மறுநாள் சாவகாசமாகச் சொன்னார். நான் அதற்குள் செல்வியிடம் வங்கிப் புத்தகம் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டிருந்தேன்.

வேன் கதவில் கட்டைவிரல் நசுங்கிய அன்று நான் அலறியதில் புளோக்கே எட்டிப் பார்த்தது. மின்தூக்கியிலிருந்து வெளியே வந்த வீக்கம் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "கத்துங்கண்ணே, பரவால்ல. இது பிராடிகைனின். நரம்பைப் போய்த் தட்டுது." தட்டுகிறதாம். விரலில் லாரி ஏறியது மாதிரி இருக்கிறது, இவருக்கு அது கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது.

எங்கள் குடும்பச் சண்டையையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு நாள் செல்வி என்னைப் பார்த்து, "உங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். நான் கொதித்துப் போனேன். அறைக்கதவைத் திறந்துகொண்டு வீக்கம் கோப்பிக் குவளையோடு வந்து நடுவில் நின்றார்.

"அண்ணே, அக்கா சொன்ன அதே வார்த்தை என் காதுலயும் விழுந்துச்சு. எனக்கு ஒண்ணும் ஆகல. உங்க முகம் மட்டும் செவந்திருச்சு. ஏன்?"

"ஏன்னா நான் அவ புருஷன்."

"அதான் ரிசெப்டர். வெளியிலேருந்து வர்ற பொருள்ல ஒண்ணும் இல்லண்ணே. உட்கார இடம் குடுக்கறது நாமதான்."

"அப்ப எம்மேல தப்பில்ல" என்றாள் செல்வி.

"வார்த்தைல ஒண்ணும் இல்லக்கா."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தச் சண்டையும் அவள் பக்கம் சாயாமல் முடிந்ததில்லை. "போய் உங்க ரிசெப்டரைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விடுவாள். வாடகைக்கு ஆள் வைத்தால் வருமானம் வரும் என்றார்கள். தீர்ப்பும் சேர்ந்து வரும் என்று யாரும் சொல்லவில்லை.

இதிலெல்லாம் உச்சம் தேக்கா உணவங்காடியில் நடந்தது. கூட்டம் நெரிகிற மதிய நேரம். தட்டோடு இடம் தேடிக்கொண்டிருந்தபோது, என் பிஸ்கட் டின்னில் இருக்கும் ஒவ்வாமை மாத்திரை உள்ளே போய் என்னதான் செய்யும் என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். டிஷ்யூ விற்கும் ஒரு பெரியவரிடம் சில பாக்கெட்டுகள் வாங்கினார். அப்போதுதான் காலியான ஒரு மேசையைச் சுற்றி நாற்காலிக்கு ஒன்றாக வைத்தார். நம் ஊரில் ஒரு டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடித்துவிட்டால் அமைச்சரே வந்தாலும் தள்ளித்தான் நிற்பார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பாக்கெட்டுக்கு இருக்கும் மரியாதை எனக்கு என் வீட்டில் கிடையாது.

"இந்த நாற்காலிதாண்ணே ரிசெப்டர். சாப்பிட வர்றவரு ஹிஸ்டமின். அவரு உட்கார்ந்தா குழம்பு சிந்தும், சத்தம் வரும், மேசை நாறிப் போகும். அதான் அலர்ஜி. உங்க மாத்திரை இந்த டிஷ்யூ பாக்கெட். அது சாப்பிடாது, சிந்தாது. சும்மா இடத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். ஹிஸ்டமின் வரும், பார்க்கும், திரும்பிப் போயிரும்."

எங்களுக்குப் பின்னால் தட்டோடு நின்றவர்களின் பார்வை என் முதுகில் சூடாகப் பட்டது. "சரி தம்பி, புரிஞ்சிருச்சு. உட்காருவோம்" என்றேன்.

"இருங்கண்ணே, முக்கியமான இடமே இனிமேதான். கூட்டம் திடுதிப்புன்னு அள்ளிக்கிட்டு வந்தா என்ன ஆகும்? ஏற்கனவே உட்கார்ந்து சாப்பிடறவனை டிஷ்யூ பாக்கெட் எழுப்பி விடுமா? விடாது. மூச்சுக்குழாயை இறுக்கறதுக்கு லூக்கோட்ரையீன்னு வேற ஒரு கோஷ்டி வரும். அதுக்கு வேற மேசை. அங்க நம்ம பாக்கெட்டே கிடையாது. அந்த மாதிரி நேரத்துல டிஷ்யூ பாக்கெட்டை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது."

இந்த இடத்தில், பிரியாணித் தட்டோடு வந்த ஒரு குடும்பம் எங்கள் பாக்கெட்டுகளை அள்ளி மேசை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தது.

"இது எங்க இடம் லா" என்றேன்.

"நீங்க உட்காரவே இல்லையே அங்கிள்" என்றாள் அந்த வீட்டுப் பெண்.

வீக்கத்தின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பார்த்தீங்களாண்ணே, பார்த்தீங்களா" என்று என் தோளைத் தட்டினார். நாங்கள் தூணோரம் நின்றுகொண்டு சாப்பிட்டோம்.

இவ்வளவு பேசுகிறவருக்கு இறால் ஆகாது. சின்ன வயதில் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு உயிர் போய்த் திரும்பியதாம். அதனால்தான் இந்தப் படிப்புக்கே போனாராம். எங்கே சாப்பிடப் போனாலும் இறால் உண்டா என்று கேட்பார். கேட்பதோடு விடமாட்டார். ஏன் கேட்கிறேன் என்பதையும் அடுப்படியில் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கும் மனிதரிடம் மூட்டை அவிழ்வதிலிருந்து ஆரம்பிப்பார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் தடித்த பேனா போலவே ஓர் ஊசிக்குழாய் இருக்கும். உள்ளே அட்ரினலின். இன்னொன்றை ஆராய்ச்சிக்கூடத்து மேசையில் வைத்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, காலாவதியான பழைய ஊசி ஒன்றை எடுத்துக்கொண்டு எங்களை வரிசையாக நிற்கவைத்தார். தொடைக்குப் பதிலாக, செல்வி வாங்கி வைத்திருந்த நீளமான பப்பாளி.

"இது டிஷ்யூ பாக்கெட் இல்லண்ணே. தீயணைப்பு வண்டி. இதுக்கு ரிசெப்டரே வேற, வாசலே வேற. விரிஞ்சுபோன ரத்தக்குழாயை இறுக்கும், இறுகிப்போன மூச்சுக்குழாயை விரிக்கும். நீல மூடியை இழுங்க. ஆரஞ்சு முனையைத் தொடை வெளிப்பக்கத்துல அழுத்துங்க. துணி மேலயே குத்தலாம். கிளிக்னு சத்தம் வரும். அப்படியே கொஞ்சம் பிடிங்க. அவ்வளவுதான்."

செல்வி குத்தினாள். சத்தம் வந்தது. சத்தத்தைக் கேட்டதுமே நான் இரண்டடி பின்னால் போய் நின்றேன். நான் சளிக்காய்ச்சல் தடுப்பூசிக்குப் போய் மயங்கி விழுந்தவன். அதுவும் ஊசி எனக்கில்லை, செல்விக்கு. நான் துணைக்குப் போனவன்.

"தம்பி, நான் தப்பா குத்திட்டா? நரம்புல பட்டுட்டா? நெஞ்சு நின்னுட்டா?"

"குத்தாம இருக்கறதுதான் தப்புண்ணே."

"என்னால முடியாது. என்னைக் கணக்குலேருந்து விட்டுருங்க."

அவர் வற்புறுத்தவில்லை. ஊசி போட்ட பப்பாளியைச் சாப்பிட எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை. காசு கொடுத்து வாங்கியதைத் தூக்கிப்போட செல்விக்கு மனம் வரவில்லை. அது சமையலறையிலேயே கிடந்தது.

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. வீட்டில் சாம்பார், உருளைக்கிழங்கு, அப்பளம். குணாவும் வந்துவிட்டான். அன்று காலைதான் வீக்கத்தின் ஆய்வுக்கட்டுரை ஒன்றை ஏதோ பெரிய இடத்தில் ஏற்றுக்கொண்டார்களாம். கட்டுரை எதைப் பற்றி என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. மூட்டை, நாற்காலி, அதே கதைதான். அந்தச் சந்தோஷத்தில், தன் பங்குக்கு ஒரு சைவ அயிட்டம் என்று, கீழே கோப்பிக் கடையில் சோறும் பலவகைக் கறியுமாகக் கலவைச்சோறு விற்கும் சீன அம்மாவிடம், மிளகாய் விழுதில் வதக்கிய கங்கோங் கீரை சம்பல் வாங்கி வந்தார். அதை மரியாதையாக எங்கள் எவர்சில்வர் கிண்ணத்தில் மாற்றி மேசையிலும் வைத்துவிட்டார். பக்கத்திலேயே இருக்கும் சைவக் கடையில் வாங்கியிருப்பார் என்று செல்வி நினைத்துக்கொண்டாள். சாம்பாரின் பெருங்காயத்துக்கு முன்னால் வேறு எந்த வாசனைக்கும் வாய் திறக்கத் தைரியம் இல்லை.

நான் கவலைப்படுகிறவன். கேட்டேன். "தம்பி, இறால் கிறால் இல்லையே?"

"ரெண்டு தடவை கேட்டுட்டேண்ணே. 'நோ ப்ரான் லா, வெஜிடபிள்'னு சொல்லிட்டாங்க."

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. பின்னால் ஒருநாள் விசாரித்தேன். உன் சிநேகிதர் ப்ரான் இருக்கா என்று கேட்டார், தட்டில் பார்த்தேன், ப்ரான் இல்லை, அவர் பேசிக்கொண்டே இருந்தார், வரிசை மின்தூக்கி வரை போய்விட்டது என்றார். தப்பு எங்கே என்றால், திருச்சியிலிருந்து வந்தவருக்கு இறால் என்பது தலையும் வாலுமாகக் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பிராணி. கீரையென்றால் கீரை. கண்ணுக்குத் தெரியாத இறால் ஒன்று இந்த ஊரில் பாதிச் சட்டியில் இருக்கிறது என்பது எந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் சொல்லித் தராத பாடம்.

குணா இரண்டாவது முறை போட்டுக்கொண்டிருந்தான். வீக்கம் தன் தட்டில் கீரையை முடித்துவிட்டிருந்தார். நான் அப்போதுதான் ஒரு வாய் வைத்தேன். நாக்கில் பட்டதும் தெரிந்துவிட்டது. இங்கே வளர்ந்த எவனுக்கும் தெரியும்.

"தம்பி. இதுல பெலாச்சான் இருக்கு."

"நல்லாருக்குண்ணே. என்ன மசாலா அது?"

"மசாலா இல்ல. இறாலு. உப்பு போட்டுப் புளிக்கவச்சு, காயவச்சு, இடிச்சு…"

"புரட்டாசிச் சனிக்கிழமையில" என்று செல்வி தட்டைக் கீழே வைத்தாள். குணா வாயில் இருந்ததை என்ன செய்வதென்று யோசித்து, விழுங்கிவிட்டான்.

வீக்கம் தன் காலித் தட்டைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையைச் சொறிந்தார்.

"அரிக்குது" என்றார். சந்தோஷமாகச் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கவனத்தோடு சொன்னார். "மூட்டை அவிழுதுண்ணே. பாருங்க, கழுத்துல திட்டு வந்திருக்குமே."

வந்திருந்தது. உதடு எங்கள் கண்ணெதிரே பணியாரம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. அவர் ஊசியைப் பையிலிருந்து எடுத்தார், நீல மூடியை இழுத்தார். குத்திக்கொள்ள வேண்டியதுதானே? மாட்டார். முதல் நாள் பயிற்சி வகுப்புக்கு வராதவன் குணா ஒருவன்தான். வராதவனை விட்டுவைக்க அவருக்கு மனம் வரவில்லை. "குணாண்ணே, இப்ப ஹெச் ஒன் ரிசெப்டர்ல…" என்று ஊசியைக் காட்டிக்கொண்டே எழுந்து நின்றார். அப்படியே சரிந்தார். ஊசி உருண்டு குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் போய்விட்டது.

"வண்டி கீழதான் நிக்குது, தூக்கி நிறுத்துங்க மச்சான், போயிருவோம்" என்று குணா அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

"நிக்க வைக்காதீங்க" என்றார் தரையிலிருந்து. குரல் விசில் அடித்தது. "காலை… மேல…"

குணா காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான், தள்ளுவண்டியைப் பிடித்த மாதிரி. செல்வி ஆம்புலன்சுக்காக 995க்குத் தொலைபேசியில் முகவரி சொல்லிக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன் என்றால், ஓடிப் போய் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து ஒவ்வாமை மாத்திரையை எடுத்துக்கொண்டு வந்தேன். வாயருகே கொண்டுபோனேன். அவர் தலையை ஆட்டினார்.

"டிஷ்யூ… பாக்கெட்" என்றார்.

எனக்குத் தேக்கா முழுவதும் கண்ணுக்குள் வந்து நின்றது. கூட்டம் அள்ளிக்கொண்டு வந்துவிட்டது. நாற்காலியெல்லாம் ஆள் உட்கார்ந்தாயிற்று. மாத்திரையைப் போட்டுவிட்டு விளக்குமாற்றை எடுத்தேன். குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் விட்டுத் துழாவியதில் ஒட்டடை வந்தது, ஒரு பழைய வெங்காயம் வந்தது, கடைசியாக ஊசி வந்தது. எடுத்து ஓங்கினேன்.

"தலைகீழ்… அண்ணே."

ஆரஞ்சு முனை என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருப்பிப் பிடித்தேன். "செல்வி, நீ வா" என்று கத்தினேன். அவள் முகவரிக்கு நடுவில் இருந்தாள். குணாவின் இரண்டு கையிலும் இரண்டு கால்.

தொடக்கத்தில் நான் சொன்னது முழு உண்மையல்ல. மூச்சைப் பிடுங்கினாலும் நிறுத்தாதவர் என்று சொன்னேன். அப்போது நிறுத்தினார். வாய் திறந்திருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது, ஒரு வார்த்தை வரவில்லை. எங்கள் வீட்டில் அவர் குடிவந்த நாளிலிருந்து நான் வேண்டிக்கொண்ட அமைதி அதுதான். அதை ஒரு கணம்கூட என்னால் தாங்க முடியவில்லை.

தப்பாகக் குத்திவிட்டால்? நரம்பில் பட்டுவிட்டால்? நெஞ்சு நின்றுவிட்டால்? என் கவலைகள் எல்லாம் வழக்கம்போல வரிசையில் வந்து நின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் இருந்தது, அதுவும் அவர் சொன்னதுதான். குத்தாமல் இருப்பதுதான் தப்பு. கால்சட்டைத் துணிக்கு மேலேயே, தொடை வெளிப்பக்கத்தில், அழுத்தினேன். கிளிக் என்றது. பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டே இருந்தேன். எப்போது விட வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் பேசாமல் கிடந்தார்.

முதலில் அந்த விசில் சத்தம் குறைந்தது. பிறகு மார்பு நன்றாக ஏறி இறங்கியது. பிறகு வீங்கிய உதட்டுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"போதும்ணே. எடுங்க. இடம் சரி."

நான் எடுத்தேன். ஊசியைப் பார்த்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது கூரை.

மருத்துவ உதவிக்காரர்கள் உள்ளே வந்தபோது தரையில் இரண்டு ஆண்கள் கிடந்திருக்கிறோம். ஒருவனுடைய கால் தூக்கிப் பிடிக்கப்பட்டிருந்தது, ஒருவனுடைய கையில் ஊசி இருந்தது. யார் நோயாளி என்று கேட்டார்களாம். "அவருக்குத்தான் அலர்ஜி. இவரு சும்மா விழுந்து கிடக்காரு" என்று செல்வி ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். இத்தனை வருட இல்லறத்தில் என்னைப் பற்றி அவள் கொடுத்த ஒரே அறிமுகம் அது.

மருத்துவமனையில் அவரைப் படுக்கவைத்துவிட்டார்கள். அடங்கியது போல அடங்கி, சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாமாம். அதனால் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்றார்கள். திரும்ப வரலாம் என்று என் காதுபடச் சொல்லியிருக்கக் கூடாது. நான் நாற்காலியை அவர் படுக்கைக்கு ஒட்டிப் போட்டுக்கொண்டு கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு வடிய வடிய வாயும் திரும்பியது. ரத்த அழுத்தம் பார்க்க வந்த தாதியிடம் மூட்டை அவிழ்வதிலிருந்து ஆரம்பித்தார். "தெரியும் சார். நாங்களும் படிச்சிருக்கோம்" என்றாள் அந்தப் பெண். தமிழ்ப் பெண். எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அவள் போன பிறகு வீக்கம் என் பக்கம் திரும்பினார்.

"பயந்துட்டேண்ணே" என்றார்.

நான் வழக்கம்போல அதற்கும் ஒரு பெயர் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அது எந்தக் கெமிக்கலு தம்பி?" என்று நானே கேட்டேன்.

"தெரியலண்ணே" என்றார். கையை நீட்டி என் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டார். அவர் தூங்கும் வரை நான் எழுந்திருக்கவில்லை. சட்டை கசங்கிப் போனது.

இப்போது அவர் கல்யாணமாகி புக்கிட் பாஞ்சாங் பக்கம் போய்விட்டார். அந்தப் பெண் எப்படிச் சமாளிக்கிறாள் என்று கேட்டேன். காதில் இயர்போன் வைத்துக்கொண்டு தலையாட்டுகிறாளாம். ரிசெப்டரை அடைத்துவைக்கிறாள் என்று இவரே பெருமையாகச் சொல்கிறார். அந்த அறைக்கு வேறு ஒரு பையன் வந்திருக்கிறான். நல்ல பையன், வாயே திறப்பதில்லை. போன வாரம் என் தோளில் வலி வந்தது, இரண்டு நாள் அதற்குப் பெயர் தெரியாமல் வீட்டில் அல்லாடினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரும் மனைவியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். எல்லாம் செல்வியின் கைச்சமையல்தான், கடைச் சாமான் எதுவும் கிடையாது. இருந்தாலும் அவள் கீரைச் சட்டியை ஒருமுறை மோந்து பார்ப்பாள். மேசைக்குக் கொண்டுவரும்போது இன்னொருமுறை. அதற்கும் பிறகு, அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே வாசலில் யாரிடமாவது எதையாவது விளக்கிக்கொண்டிருக்கும்போது, நான் யாரும் பார்க்காமல் எல்லாக் கிண்ணத்திலிருந்தும் ஒரு வாய் தின்று பார்த்துவிடுகிறேன். எனக்கு இறால் ஒன்றும் செய்யாது. நான் தின்று எனக்கு ஒன்றும் ஆகாமல் இருப்பதில் அவருக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. அது எனக்குத் தெரியும். அவரே எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.